டீயை மறுத்துச் சுவரைத் தடவியவள்

சவர்பி பிரிட்ஜ்,
பிப்ரவரி 16, ஞாயிறு.

என் அன்பு மகள் ஹேசலுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் நன்றாக இருக்கிறோம், கடல் தாண்டி நீயும் அப்படியே இருக்க வேண்டும். இந்த முதல் வரியைப் போன வருஷம் முழுக்க மனசறிந்து பொய்யாகத்தான் எழுதினேன், இன்றைக்கு எழுதிவிட்டு ஒரு தடவை படித்துப் பார்த்தேன், உண்மையாகவே இருக்கிறது, அந்தச் சந்தோஷத்தில் டீயை ஆறவிட்டுவிட்டேன். அப்பா தன் காய்கறிப் பாத்தியைக் கொத்தப் போயிருக்கிறார், ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு வந்து நிற்பார், அதற்குள் இதை முடித்து உறையை ஒட்டிவிட வேண்டும். போனிலேயே பேசியிருக்கலாமே என்பாய். போன் இருப்பது அவர் நாற்காலிக்குப் பக்கத்தில், நான் பேசுவதில் பாதியைக் கேட்டுக்கொண்டு மீதியைத் திருத்திக்கொண்டிருப்பார். அதோடு போன மாதம் போனில் நான் உன்னிடம் சொன்னதில் ஒரு பொய் இருக்கிறது. அதை எடுத்துப் போடத்தான் இந்தக் கடிதம். ஆனால் எடுத்த எடுப்பில் அதைச் சொன்னால் உனக்கு ஒன்றும் புரியாது, பாய்லரில் தொடங்கி வரிசையாக வருகிறேன், பொறுமையாகப் படி.

அப்பாவுக்குப் புத்தி தடுமாற ஆரம்பித்தது முந்தின வருஷக் குளிர்காலத்தில் என்று உனக்கே தெரியும். முப்பத்தோரு வருஷம் இந்தப் பள்ளத்தாக்கில் பஸ் ஓட்டின மனுஷன், எந்த நிறுத்தத்தில் எந்தக் கிழவி எந்தப் பையோடு ஏறுவாள் என்று சொல்லக்கூடியவர், தபால் நிலையத்துக்குப் போய்விட்டு வீட்டுக்கு வழி தெரியாமல் ஆற்றுப் பாலத்தில் நின்றுகொண்டிருந்தார். எப்போதும் தலைவலி, எப்போதும் தூக்கம், சாப்பிட்ட கையோடு சாப்பாடு எங்கே என்பார். கோடையில் கொஞ்சம் தெளிந்தார், பட்டாணி போட்டார், சிரித்தார், ஆண்டவன் கண் திறந்துவிட்டான் என்று நினைத்தேன், குளிர் வந்ததும் முன்னைவிட மோசமாகப் போனார். கிறிஸ்துமஸ் அன்று போனில் உன்னைத் தன் செத்துப்போன தங்கை எட்னா என்று நினைத்து அவர் பேசியதும், நீ அழாத மாதிரி எட்னாவாகவே பதில் சொன்னதும் எனக்குத் தெரியும், நான் பக்கத்தில்தான் நின்றேன். மறுநாள்தான் நீ இருக்கிற வேலையை விட்டுவிட்டு, மார்ச் கடைசிக்கு ஒருவழி டிக்கெட் எடுத்து, ஒரேயடியாக இங்கே வந்துவிடுகிறேன் என்றாய். வேண்டாம் என்று வாயால் சொன்னேனே தவிர மனசுக்குள் வா வா என்றுதான் இருந்தது. ஞாபக மறதிப் பரிசோதனைக்கு நாள் கிடைக்க இன்னும் நாலு மாதம், அதற்குள் பாலத்தடி முதியோர் இல்லத்தில் ஒரு அறை காலியாகிவிட்டது, வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டால் அப்பாவுக்கு, இல்லையென்றால் வரிசையில் அடுத்தவருக்கு என்றார்கள். அந்தத் தாளை ரொட்டி டப்பாவுக்குக் கீழே வைத்துவிட்டு மூன்று நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

அந்த வாரம் பார்த்து, தண்ணீரையும் வீட்டையும் சூடாக்குகிற பாய்லரும் மக்கர் பண்ணியது. முன்னறையில் கேஸ் கணப்புக்குப் பின்னால் இருக்கிறதே, நீ பிறப்பதற்கு முன்னால் வைத்தது, அதேதான். தண்ணீர் வெதுவெதுப்பாகவே வந்தது, கணப்பில் தீ நீலமாக எரியாமல் மஞ்சளாக எரிந்தது, எனக்கு அது அழகாகக்கூட இருந்தது, பைத்தியக்காரி. வருஷா வருஷம் வந்து பார்க்கிற பெரியவர் மூன்று வருஷத்துக்கு முன் வேலையை விட்டு ஓய்வு எடுத்துக்கொண்டார், அப்புறம் யாரையும் கூப்பிடவில்லை, ஓடுகிறது ஓடட்டும் என்று இருந்துவிட்டேன். நீ வருகிறவரை இந்த வீட்டில் தனியாக இருக்கப் போகிறவள் நான்தானே, நம்பகமான புது பாய்லர் ஒன்று இருக்கட்டும் என்று பக்கத்து வீட்டு மிஸஸ் பாராக்ளஃபைக் கேட்டேன். டோனா கிரீன்வுட்டைக் கூப்பிடு, இந்த ஊர்தான், கெட்டிக்காரி, ஆனால் பேச்சு கொஞ்சம் வெடுக்கென்று இருக்கும் என்றாள். டோனா என்பது கணக்கு வழக்குப் பார்க்கிற மனைவியாக இருக்கும், வேலைக்குப் புருஷன் வருவான் என்று நான் நினைத்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை காலையில் வேனிலிருந்து ஒரு நாற்பத்தைந்து வயசுப் பெண் இறங்கி வந்தாள், காலில் இரும்பு முனை வைத்த பூட்ஸ், தலையில் கம்பளித் தொப்பி. உங்கள் வீட்டுக்காரர் வரவில்லையா என்று கேட்டுவிட்டேன். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவர் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிறார், வேண்டுமானால் அனுப்புகிறேன், ஆனால் பாய்லரைக் கண்டால் ஓடிவிடுவார் என்றாள். நாற்காலியிலிருந்து உன் அப்பா சிரித்தார். வாரக்கணக்கில் கேட்காத சிரிப்பு.

நம் ஊரில் வேலைக்கு வருகிறவர்களை நான் எப்படி எடை போடுவேன் என்று உனக்குத் தெரியுமே. காலைத் துடைத்துக்கொண்டு வருகிறானா, டீ கொடுத்தால் எப்படிக் குடிக்கிறான், சர்க்கரை எத்தனை, பிஸ்கட்டை முக்கிச் சாப்பிடுகிறானா, அதிலேயே ஆள் தெரிந்துவிடும். இவள் காலைத் துடைத்தாள், சரி. டீ போடட்டுமா என்றேன், இப்போது வேண்டாம் என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஒரு வீட்டு வாசலை மிதித்துவிட்டு டீ வேண்டாம் என்கிறவளை என் எழுபத்திரண்டு வயசில் நான் பார்த்ததில்லை. சரியான திமிர் பிடித்தவள் என்று மனசுக்குள் முடிவு கட்டினேன். அவள் இடுப்பில் ஒரு சின்னக் கருவி மாட்டியிருந்தாள், முன்னறைக்குள் நாலடி வைப்பதற்குள் அது கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது. அதைப் பார்த்தாள், கணப்பைப் பார்த்தாள், கம்பளியைப் போர்த்திக்கொண்டு கண் செருகி உட்கார்ந்திருந்த உன் அப்பாவைப் பார்த்தாள். அடுத்த நிமிஷம் கணப்பை அணைத்து, மீட்டருக்குப் போய் கேஸை மூடி, ஜனவரிக் குளிரில் எல்லா ஜன்னலையும் விரியத் திறந்துவிட்டாள். நான் கத்தினேன், நோயாளி மனுஷன் இருக்கிற வீடு, என்ன பண்ணுகிறாய் என்று. அவள் திரும்பிக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அம்மா, இந்த வீட்டுல யாருக்குத் தலைவலி?"

அவருக்கு எப்போதும், எனக்கு அப்பப்போ, நான் கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்றேன். அப்பாவுக்குக் கோட்டை மாட்டி எங்கள் இரண்டு பேரையும் வேனில் உட்காரவைத்துவிட்டுத்தான் மறுபடி உள்ளே போனாள். அறைக்காற்று மாறி அந்தக் கருவி அடங்கினதும் என்னை வாசல்வரை கூப்பிட்டாள், அப்பாவும் சொன்னதைக் கேட்காமல் என் பின்னாலேயே வந்துவிட்டார். முன்னறைச் சுவரை, அப்பா நாற்காலிக்குப் பின்னால் கீழ்ப்பக்கம், உள்ளங்கையால் மெல்லத் தடவிக்கொண்டே போனாள். வாசலுக்கு வருவதற்கு முன்பே வீட்டை வெளியிலிருந்து ஒரு சுற்றுப் பார்த்தாளாம், வெளிச்சுவரில் காற்றுப் போகிற கம்பித் தட்டி இருக்கிறது, உள்ளே அதற்கு ஜோடியைக் காணோமே என்றாள். ஒரு இடத்தில் கை நின்றது. கத்தியை எடுத்துச் சுவர்க்காகிதத்தைக் கீறினாள், அட்டை வந்தது, அட்டைக்குப் பின்னால் ஒரு பழைய போர்வைத் துண்டு வந்தது, வந்துகொண்டே இருந்தது. அந்தக் கணப்பு மூச்சு விடுவதற்கு வைத்த ஓட்டை அது. காற்று இல்லாமல் தீ சரியாக எரியாது, புகைபோக்கியிலும் ஏதோ அடைத்திருக்கிறது, கார்பன் மோனாக்சைடு என்கிற விஷவாயு அத்தனையும் அறைக்குள்ளேயே இறங்கியிருக்கிறது, அதற்கு வாசனையும் கிடையாது நிறமும் கிடையாது என்றாள். யார் இதை அடைத்தது என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, ஆனால் கேட்டாள்.

ஹேசல், அடைத்தது நான். போனில் அப்பா அடைத்துவிட்டார் என்று சொன்னேனே, அதுதான் பொய். முந்தின வருஷம் அக்டோபரில் அந்த ஓட்டை வழியாகக் காற்று வந்து அவர் கழுத்தில் அடிக்கிறது என்று மூன்று நாள் முனகினார், நாலாம் நாள் நான் போர்வையைக் கிழித்துத் திணித்து, அட்டை வைத்து, மிச்சம் இருந்த காகிதத்தைப் பூவுக்குப் பூ சேருகிற மாதிரி ஒட்டினேன். ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்து எனக்கே பெருமை தாங்கவில்லை. அவர் மூளையை நானே நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகப் புகை போட்டுக் கெடுத்திருக்கிறேன் என்று அந்த வாசலில் நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது. அப்போது என் பக்கத்தில் வந்து நின்ற உன் அப்பா சொன்னார்: "நான்தான் பொண்ணே. காத்து கழுத்துல அடிச்சுது, அடைச்சுட்டேன்." நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பாவம், இதுவும் குழம்பிவிட்டது, யார் செய்தது என்றுகூட நினைவில்லை என்று நினைத்தேன். நினைத்துவிட்டு, என்னை மன்னித்துக்கொள், வாயை மூடிக்கொண்டேன். அவர் குழப்பம் எனக்கு வசதியாக இருந்தது. டோனா கிழித்தெடுத்த காகிதத்தின் ஓரத்தைப் பார்த்தாள், அந்த நறுவிசைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். யார் அடைத்தாலும் குளிருக்குப் பயந்துதான் அடைத்திருப்பார்கள் என்று சொல்லிவிட்டு போனை எடுத்தாள்.

ஆஸ்பத்திரிக்கு அவளே பேசினாள், தன் கருவி எவ்வளவு காட்டியது என்று எண்ணைச் சொன்னாள், அதனால் அங்கே யாரும் எங்களை உட்காரவைத்துக் கதை கேட்கவில்லை, நேரே ரத்தம் எடுத்து மூக்கிலும் வாயிலும் பிராணவாயு முகமூடியை மாட்டினார்கள். என்னையும் சேர்த்துத்தான். ஆஸ்பத்திரி இருக்கிற ஹாலிஃபாக்ஸ்வரை அவள் வேனிலேயே கொண்டுபோய் விட்டாள், வழி முழுக்க இரண்டு கண்ணாடியும் இறங்கியிருந்தன, அப்பா தன் பழைய பஸ் தடம் என்று ஒவ்வொரு நிறுத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தார், இரண்டைத் தவறாகச் சொன்னார், அவள் ஒன்றையும் திருத்தவில்லை. இறங்கும்போது மட்டும் என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். ரொட்டி டப்பாவுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த தாளைப் பார்த்துவிட்டாளாம். இது என் வேலை இல்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன் என்று சொன்னாள். "ஒரு மாசம் எதுலயும் கையெழுத்துப் போடாதீங்கம்மா. இந்தக் காத்து உடம்ப விட்டுப் போகட்டும், அப்புறம் அவரு யாருன்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க." நான் டாக்டரைக் கேட்டேன், அவரும் பொறுப்பது நல்லது, எவ்வளவு திரும்பும் என்று இப்போதே சொல்ல முடியாது என்றார். வெள்ளிக்கிழமை வந்தது, போயிற்று. அறை அடுத்தவருக்குப் போய்விட்டது. அன்று முழுக்க, தவறான காரியம் செய்துவிட்டோமோ, இதைவிட்டால் இன்னொரு அறை எப்போது வருமோ என்று போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். உனக்குப் போன் செய்து அந்தப் பொய்யையும் சொல்லி, வேலையை உடனே விடாதே, கொஞ்சம் பொறு என்றேனே, அது அந்த வெள்ளிக்கிழமைதான்.

புது பாய்லர் வருவதற்கு ஆறு நாள் ஆயிற்று. அதுவரை தன் வேனிலிருந்து இரண்டு மின்சாரக் கணப்புகளைக் கொடுத்துவிட்டுப் போனாள், நீ இரண்டு கிறிஸ்துமஸுக்கு முன் தபாலில் அனுப்பின விஷவாயு எச்சரிக்கைக் கருவியை, பெட்டிகூடப் பிரிக்காமல் அலமாரியில் கிடந்ததை, அவளே பிரித்து மாட்டினாள். திட்டு, கேட்டுக்கொள்கிறேன். பிறகு இரண்டு நாள் வேலை. ஹேசல், நான் யாரையும் சுலபத்தில் புகழ மாட்டேன் என்பது உனக்குத் தெரியும், உன்னையே புகழ்ந்ததில்லை. அந்தப் பெண் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். தரையில் முதலில் துணி விரித்தாள், துணிமேல் அட்டை விரித்தாள், பழைய பாய்லரைக் கணப்புக் குழியிலிருந்து தனியாளாக, குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுக்கிற மாதிரி சாய்த்து எடுத்தாள். மேலே புகைபோக்கியிலிருந்து ஒரு சாக்கு நிறையக் காக்காய்க் கூடு விழுந்தது, சுள்ளி, கம்பளி, எவனோ தொலைத்த ஒற்றைக் கையுறை. போன வசந்தத்தில் கட்டியது என்றாள். அதனால்தான் இந்தக் குளிர்காலம் அத்தனை மோசமாகப் போயிருக்கிறது. கோடையில் கணப்பை அணைத்து ஜன்னலைத் திறந்து வைத்திருந்தோமே, அதில்தான் தெளிந்திருக்கிறார். எனக்கு அந்தக் காக்காய்களைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது. அப்படியானால் எல்லாம் இந்தக் கூட்டினால் வந்த வினைதானே, ஓட்டை அடைத்ததில் ஒன்றும் இல்லையே என்று கேட்டேன். சும்மா ஆமாம் என்று சொல்லியிருக்கலாம், எவனாக இருந்தாலும் சொல்லியிருப்பான். அவள் வேலையை நிறுத்திவிட்டு எழுந்து நின்று, இரண்டும்தான் அம்மா, முதல் குளிர்காலத்தில் கூடு இல்லையே என்றாள். அந்த நிமிஷம் கோபம் வந்தது. அப்புறம் யோசித்தேன், இதில் பொய் சொல்லாதவள் திருகாணியிலும் பொய் சொல்ல மாட்டாள்.

புது பாய்லர் சமையலறைச் சுவரில், ரொட்டி டப்பாவுக்கு மேலே, வெள்ளையாக, தலையணை அளவு. தனக்கு வேண்டிய காற்றை வெளியிலிருந்தே இழுத்துக்கொண்டு வெளியிலேயே விடுகிறது, அறைக்காற்றைத் தொடுவதே இல்லை. அதிலிருந்து சொட்டுகிற தண்ணீருக்கு ஒரு குழாய் உண்டு, அதை எல்லோரும் வெளிச்சுவரில் விட்டுவிடுவார்கள், பனி உறைந்தால் குழாயும் உறைந்து பாய்லர் நின்றுவிடும், மிஸஸ் பாராக்ளஃப் வீட்டில் வருஷா வருஷம் கெட்டில் கெட்டிலாக வெந்நீர் ஊற்றி உருக்குகிறாள். டோனா அரை நாள் கூடுதலாக முழங்காலில் தவழ்ந்து அதை அலமாரிகளுக்குப் பின்னாலேயே கொண்டுவந்து பாத்திரம் கழுவுகிற தொட்டியில் சேர்த்தாள். யாரும் கேட்கவில்லை, யாருக்கும் தெரிந்திருக்கவும் போவதில்லை. அறைகளைச் சூடாக்குகிற ரேடியேட்டர்களைக் கழுவிவிட்டாள், கரியைக் கரைத்த கஞ்சி மாதிரி வந்தது, தெளிந்த தண்ணீர் வருகிறவரை விடவில்லை. எல்லாம் முடிந்து கருவியால் மூலை மூலையாகச் சோதித்த பிறகு, இப்போது டீ குடிக்கலாம் அம்மா என்றாள். மூன்று கோப்பை குடித்தாள், நாலு பிஸ்கட், முக்கித்தான்.

எனக்கு மனசு நிறைந்தது வேறொன்றில். புது பாய்லரில் தண்ணீர் அழுத்தத்தைக் காட்டுகிற ஒரு முள் இருக்கிறது, அது இறங்கினால் அடியில் ஒரு திருகைத் திறந்து தண்ணீர் ஏற்ற வேண்டும். அதைக் காட்டிக் கொடுக்க என்னைக் கூப்பிடுவாள் என்று கையைத் துடைத்துக்கொண்டு வந்தேன். அவள் அப்பாவைக் கூப்பிட்டாள். வில்ஃப் ஐயா, இது உங்கள் வண்டி, காலையில் கிளப்புவதற்கு முன் ஒரு தடவை பாருங்கள் என்றாள். ஒரு வருஷமாக எல்லோரும் அவர் தலைக்கு மேலே என்னோடுதான் பேசினார்கள், டாக்டர், பாதிரியார், ஏன் நானும்தான். இவள் மட்டும் அவர் கண்ணைப் பார்த்துப் பேசினாள், அவர் மூன்று தடவை தப்பாகத் திருகினார், நாலாவது தடவை சரியாகத் திருகினார், நாலு தடவையும் ஒரே குரலில் சொல்லிக் கொடுத்தாள். அன்றிலிருந்து விடிந்ததும் முதல் வேலையாக முள்ளைப் பார்க்கிறார். முதல் வாரம் பார்த்ததை மறந்து மறுபடி பார்த்தார். இப்போது ஒரு தடவைதான். தலைவலி போயிற்று. பாலத்தில் நிற்பதில்லை. டாக்டர் எல்லாமே திரும்பும் என்று சொல்லவில்லை, சின்னச் சின்ன மறதி இருக்கத்தான் செய்யும், கோடையில் மறுபடி பார்க்கலாம் என்றார். இருக்கட்டும், எனக்கும்தான் மறதி.

வியாழக்கிழமை மத்தியானம் மிஸஸ் பாராக்ளஃப் வந்திருந்தாள், அப்பா அவளிடமும் தானே ஓட்டையை அடைத்துத் தானே மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லிச் சிரித்தார். அவள் போன பிறகு நான் பாத்திரம் கழுவுகிறேன், அவர் துடைக்கிறார். எனக்குப் பொறுக்கவில்லை. அதை அடைத்தது நான் என்பது உங்களுக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லையா என்று கேட்டேன். அவர் தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார், "ஏன் இல்ல? முட்டி போட்டு உக்காந்து ஒட்டினே. பூ சேரலன்னு மூணு தடவ கிழிச்சே. உன் முடியெல்லாம் பசை." அப்படியானால் எதற்கு நீங்கள் அடைத்ததாகச் சொன்னீர்கள் என்றேன். "உன் மூஞ்சியப் பாத்தேன் முரியல். எனக்குப் புத்தி பிசகிடுச்சுன்னு ஊருக்கே தெரியும். என் தலையில இன்னொண்ணு விழுந்தா யாரு கேக்கப் போறா?" சொல்லிவிட்டு அடுத்த தட்டுக்குக் கையை நீட்டினார்.

ஹேசல், தன் பெண் பெயர் மறந்துபோய், சாப்பிட்டது மறந்துபோய், கண் செருகிக் கிடந்த அந்தக் காலையில் அந்த மனுஷன் இதை யோசித்திருக்கிறார். நானோ அப்போது அவர் உள்ளே இல்லை என்று முடிவு கட்டி, தாளை ரொட்டி டப்பாவுக்குக் கீழே வைத்திருந்தேன். சோப்பு நுரையில் கையை வைத்துக்கொண்டே அழுதேன், அவரோ, தண்ணீர் ஆறுகிறது, வேலையைப் பார் என்றார்.

ஆகவே மகளே, வேலையை விடாதே. அந்த ஒருவழி டிக்கெட்டை ரத்து செய்துவிடு. ஜூனில் பட்டாணி காய்க்கும்போது வா, மூன்று வாரம் இரு, போவதற்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துக்கொண்டு வா. உன் வீட்டில் எந்தச் சுவரில் எந்த ஓட்டை இருந்தாலும் அது எதற்கு என்று கேட்காமல் கை வைக்காதே, குளிர்ந்தால் ஒரு ஸ்வெட்டர் கூடப் போட்டுக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள், நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடி நடக்கட்டும், கர்த்தர் உன்னோடு இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை போன் செய், இனிமேல் முதலில் எடுப்பவர் அப்பாதான், இன்றைக்கு என்ன கிழமை என்று அவரைச் சோதிக்காதே. ஒருவேளை அவரே பேச்சை எடுத்து ஓட்டையைத் தானே அடைத்ததாகச் சொன்னால், ஒன்றும் தெரியாதவள் மாதிரி ஏன்ப்பா இப்படிச் செய்தீர்கள் என்று அவரை நன்றாகத் திட்டு. மறக்காமல் திட்டு.

என்றும் உன் நினைவாக,
அம்மா முரியல்